பின்னால் வரும் சில்லு

பெடலை உழக்குவதை நிறுத்தினால் சைக்கிளின் பின்சில்லு கிறுகிறுக்கும். மறுபடி உழக்கத் தொடங்கினால் சத்தம் அடங்கிவிடும். சைக்கிள் ஓடிய எவருக்கும் இது தெரியும். யாழ்ப்பாணத்தில் வெயிலுக்குள் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கும் தெரியும், ஒஸ்லோவில் இறுக்கிப் பிடிக்கும் காற்சட்டை போட்டுக்கொண்டு விடுமுறை நாளில் ஓடுகிற கனவானுக்கும் தெரியும். இளங்கோ இரண்டு வகையாகவும் ஓடியவன். அன்று எனேபாக் காட்டுத்தெருவின் இறக்கத்தில் அவன் கால்களை ஆறவிட்டு வந்தான், சில்லு கிறுகிறுத்தது. இறக்கம் முடிந்து தெரு சமனானதும் உழக்கத் தொடங்கினான். கிறுகிறுப்பு நிற்கவில்லை.

செயினில் ஏதோ பிழை என்றுதான் முதலில் நினைத்தான். குனிந்து பார்த்தான். செயின் எண்ணெய்ப் பளபளப்போடு ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறேக்கை மெல்லப் பிடித்து, ஒரு காலைத் தெருவில் ஊன்றி நின்றான். சத்தம் அவனோடு சேர்ந்து நிற்கவில்லை. இன்னும் சிறிது தூரம் உருண்டு, மெதுவாகி, அவனுடைய முதுகுக்குப் பின்னால் வந்துதான் நின்றது.

இருபுறமும் ஊசியிலை மரங்கள். ஈரப் பாசியின் மணம். எங்கேயோ தூரத்தில் ஒரு உழவு இயந்திரம் இருமி அடங்கியது. இளங்கோ திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் சற்று முன்புதான் பார்க்கக்கூடாத இடத்தில் ஒருமுறை பார்த்திருந்தான்.

அது நடந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால் இராசதுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளங்கோவின் அக்கா வசந்தமலரின் கணவர் அவர், இளங்கோவுக்கு அத்தான். ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் அடுத்தடுத்த அடுக்குமாடிகளில் இரண்டு குடும்பங்களும் இருந்தன. நாற்பது தாண்டியதும் வைத்தியர் அத்தானைச் சோற்றைக் குறைக்கச் சொன்னார். அவர் சோற்றைக் குறைக்காமல் சைக்கிள் வாங்கினார். மச்சானுக்கும் ஒன்று வாங்கவைத்தார். கோயிலடியில் சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. "ஊரிலை உழக்கிக் களைச்சுத்தானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்! இவை ரண்டு பேரும் காசு குடுத்தெல்லோ உழக்கினம்!" அத்தானுக்கு வெட்கம் என்பதே கிடையாது. அதே காற்சட்டையோடு கோயில் வாசலில் நின்று கதைத்துவிட்டுத்தான் போவார்.

அவர்களுடைய பாதை ஒன்றே ஒன்றுதான். நகரத்தின் கிழக்கே கிடக்கும் பெருங்காட்டை முழுதாகச் சுற்றி வருவது. சிவப்புக் களஞ்சியங்கள் நிற்கும் வயல்வெளி, பெரிய ஏரி, மேட்டின் மேல் பல நூறு ஆண்டுப் பழசான எனேபாக் கற்தேவாலயம், பிறகு காடு, காட்டுக்கு மேலே ஊதாப்பூப் புதர்கள் படர்ந்த வெளி, பிறகு வீடு. இளங்கோ எப்போதும் முன்னுக்கு. அத்தான் அவனுடைய பின்சில்லோடு ஒட்டிக்கொண்டு வருவார். முன்னவன் காற்றைத் தாங்குவான், பின்னவன் அந்த மறைப்பில் ஆறுவான். ஆனால் ஏற்றத்தின் உச்சிக்கு வந்ததும் முன்னவன் திரும்பி, பின்னவன் வருகிறானா என்று பார்க்க வேண்டும். சொல்லிவைத்துப் பழகியதில்லை. கழுத்து தானாகத் திரும்பும்.

கடைசியாக இருவரும் ஓடிய நாளும் அப்படியே திரும்பியது. தெரு வெறுமையாகக் கிடந்தது. கீழே, காட்டுக்குள்ளிருந்து சரளைக்கல் போட்ட ஒரு கிறவல் பாதை வந்து ஏறும் சந்தியில், அத்தான் படுத்திருந்தார். சிதறிக் கிடந்த கிறவலில் ரயர் வழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். தலைக்கவசம் வெடித்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. இளங்கோ அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸ் வரும்வரை வாயில் வந்த பகிடியெல்லாம் கதைத்தான். அவர் கேட்டிருக்கமாட்டார் என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

தகனம் முடிந்தது. செத்த எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு வேலைநாளில் வந்ததால் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். ஒஸ்லோவில் செத்தவரும் வார இறுதிவரை பொறுக்கத்தான் வேண்டும். அன்று வசந்தமலர் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள்: ஆட்டிறைச்சிக் கறி, நண்டுக் குழம்பு, முட்டைப் பொரியல், வடை, பக்கத்தில் ஒரு பியர். படத்துக்கு முன்னால் படைத்து எடுத்து, அதில் ஒரு பங்கைப் பெட்டியில் கட்டினாள். அதைக் கொண்டுபோய்ச் சந்தியில் வைக்க வேண்டும். போகிற உயிர் அங்கே நின்று சாப்பிட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் தன் வழியில் போய்விடும். புருசெத்தில் எந்தச் சந்தியில் இறைச்சியும் சோறும் வைப்பது? நகரசபைக்காரன் வந்து கேள்வி கேட்பான். மற்றக் குடும்பங்கள் பேசாமல் குப்பைத்தொட்டிக்குள் வைத்துவிட்டுக் கும்பிடுவார்கள். வசந்தமலர் அதற்குச் சம்மதிக்கவில்லை.

"அவர் கிடந்த சந்தியிலையே வை தம்பி," என்றாள் வாசலில் நின்று. "காரிலை போகாதை. சைக்கிளிலையே போ. அவர் முடிக்காத சுத்தை நீ முடிச்சுக்கொண்டு வா."

"சரி அக்கா."

"வைச்சிட்டுத் திரும்பிப் பாக்கக்கூடாது." அவள் குரலைத் தாழ்த்தினாள். உள்ளே அறையில் பதினொரு வயது துஷ்யா, தகப்பனுடைய சைக்கிள் சட்டையை முழங்கால்வரை போட்டுக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். அவர் போன நாளிலிருந்து சரியான சாப்பாடு இல்லை. "பாத்தியெண்டால் உன்னோடை வந்திடுவார். வந்தால் வெறுங்கையோடை போகமாட்டார். அவருக்கு இவளிலைதானே உயிர்."

இளங்கோவுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தும் பெட்டியை முதுகுப் பையில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினான். அக்காவிடம் மிச்சமாக இருப்பது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

அவன் சந்திக்கு வந்து சேர்ந்தபோது, மேட்டுத் தேவாலயத்தில் சனிக்கிழமை மாலை மணி அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து ஒரு கல்லின் மேல் வைத்தான். பியரை உடைத்துப் பக்கத்தில் வைத்தான். கர்ப்பூரம் ஈரக்காற்றில் இரண்டு தரம் அணைந்து மூன்றாம் தரம் பிடித்தது. கும்பிட்டான், கண்ணைத் துடைத்தான், சைக்கிளில் ஏறினான். பார்வையை முன்சில்லில் ஊன்றிக்கொண்டு ஏற்றம் முழுவதும் உழக்கினான். மூச்சு வாங்கியது. தொடை எரிந்தது. உச்சி வந்தது. கழுத்து திரும்பியது.

அவன் திருப்பவில்லை. அது தானாகத் திரும்பியது, அத்தனை வருடமும் திரும்பியது போல. கீழே கர்ப்பூரச் சுடர் தெரிந்தது. வேறு ஒன்றுமில்லை. சட்டென்று முகத்தை முன்னுக்கு எடுத்து, "ஒண்டும் இல்லை, ஒண்டும் இல்லை," என்று சொல்லிக்கொண்டே இறக்கத்தில் விட்டான். அந்த இறக்கத்தின் முடிவில்தான் கிறுகிறுப்பு நிற்காமல் போனது.

இப்போது அவன் மறுபடி உழக்கினான். சத்தமும் கிளம்பியது. அவன் விரைந்தால் அதுவும் விரைந்தது. அவன் தளர்ந்தால் அதுவும் தளர்ந்தது. உழக்கத் தேவையில்லாத ஒருவர், காற்று மறைப்பில் சுகமாக உருண்டு வரும் சத்தம். காட்டின் மணத்துக்குள் இன்னொரு மணம் கலந்து வந்தது. சித்தாலேப. முழங்காலுக்கு அத்தான் அப்பிக்கொள்ளும் களிம்பு. சைக்கிள் கடையில் விலை கூடிய களிம்பு எத்தனையோ இருந்தும், கொழும்பிலிருந்து வரும் அந்தச் சின்னப் போத்தலைத்தான் அவர் நம்பினார். இளங்கோ அந்த மணத்தைப் பகிடி பண்ணாத நாளில்லை. இன்று அது பிடரியில் வந்து மோதியபோது பயத்துக்கு முந்தி அழுகைதான் வந்தது. ஒரு கணம், ஒரேயொரு கணம், அத்தான் வருகிறார் என்று அவன் சந்தோசப்பட்டான்.

காடு முடிந்து ஊதாப்பூ வெளி வந்தது. செப்டெம்பர் வெளிச்சம் சாய்ந்து முகத்தில் அடித்தது. சட்டைப் பையில் கைத்தொலைபேசி அலறியது. ஓடியபடியே எடுத்தான்.

"வைச்சிட்டியோ தம்பி?"

"ஓம் அக்கா. வைச்சாச்சு."

"திரும்பிப் பாக்கேல்லைத்தானே?"

"இல்லையக்கா."

வசந்தமலர் பெருமூச்சு விட்டது கேட்டது. "எனக்கு இப்பதான் மனம் ஆறுது. துஷ்யாவும் எழும்பிட்டாள். சோறு போட்டுச் சாப்பிட்டவள் தெரியுமே! இஞ்சை தேவாலய மணி அடிக்கிற நேரம் தன்பாட்டிலை கட்டிலாலை இறங்கி வந்து, அப்பா வெளிக்கிட்டிட்டார் எண்டு சொன்னாள். நான் பேசேல்லை. சின்னப்பிள்ளைதானே."

"இப்ப என்ன செய்யிறாள்?"

"நிலவறையிலை நிக்கிறாள். சைக்கிளுக்குக் காத்தடிக்கிறாள்."

அவன் தொலைபேசியை வைத்தான். போன பிறந்தநாளுக்கு அத்தான் மகளுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது. வருகிற கோடையில் இந்தச் சுற்றுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவைத்திருந்தார். சொன்ன சொல்லை இழுத்தடிக்கிற மனிதரில்லை அவர்.

பின்னால் கிறுகிறுப்பு பொறுமையாக வந்துகொண்டிருந்தது. இப்படியே வீட்டுக்குப் போவதென்றால், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடுவது போலத்தான். வீட்டுக்குப் போகக்கூடாது. அவரைத் திரும்பச் சந்திக்குக் கொண்டுபோக வேண்டும். ஒழுங்காக வைத்து, ஒழுங்காகக் கும்பிட்டு, இந்த முறை கழுத்தை அறுத்தாலும் பார்க்காமல் வரவேண்டும்.

தெருவைப் பார்த்தபடியே சைக்கிளை வட்டமாகத் திருப்பினான். கண்ணை நிமிர்த்தவில்லை. சத்தமும் பின்னால் ஒரு வட்டம் போட்டது.

இப்போது வெயில் முதுகில். நிழல் முன்னால் நீண்டு விழுந்தது. மெலிந்த சில்லு, குனிந்த உடல், தலைக்கவசம். அவனுடைய நிழல்தான். அவன் வலப்பக்கம் சற்றுச் சரிந்தான், நிழலும் சரிந்தது. சரிந்த நிழலின் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு தலை வெளியே வந்தது.

அந்தத் தலைக்கவசம் ஒரு பக்கம் பிளந்திருந்தது.

இளங்கோ கண்ணை மூடினான். மூடிக்கொண்டு எத்தனை தூரம் ஓடினான் என்று தெரியாது. தெருவோரக் கிறவல் ரயருக்கடியில் நொறுங்கியதும் திறந்தான். மரங்கள் வெயிலை மறைத்துவிட்டன. நிழல் இல்லை. சத்தம் இருந்தது.

சந்தியில் கர்ப்பூரம் எரிந்து முடிந்திருந்தது. பெட்டி வைத்தபடியே இருந்தது. ஒரு பருக்கை கலையவில்லை. ஒரு எறும்புகூட வரவில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு வெடித்தது. அத்தான் பசி பொறுக்காத மனிதர். சுற்று முடிந்து வந்தால் சப்பாத்தைக் கழற்றாமல் சட்டியைத் திறப்பார்.

"சாப்பிடுங்கோ அத்தான்," என்றான் கல்லைப் பார்த்து. "அக்கா உங்களுக்கெண்டு காலமை தொடக்கம் நிண்டு சமைச்சவ. நண்டு கிடக்கு. சாப்பிட்டிட்டு..." பெட்டியைச் சற்று முன்னுக்குத் தள்ளினான். "சாப்பிட்டிட்டுப் போங்கோ. வீட்டை வராதேங்கோ. பிள்ளையை நான் பாக்கிறன். என்ரை பிள்ளையாப் பாக்கிறன். கேக்குதே உங்களுக்கு?"

கிறுகிறுப்பு மெதுவாகி, தனித்தனிச் சொடுக்குகளாகி, நின்றது.

அவன் விழுந்து கும்பிட்டான். ஏறினான். உழக்கினான். உச்சியில் கழுத்து இழுத்தபோது பல்லைக் கடித்து நாடியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். தாண்டிவிட்டான். காது கொடுத்தான். ரயர் தெருவில் உரசும் சத்தம். தன் மூச்சு. வேறொன்றுமில்லை. இறக்கத்தில்கூட உழக்குவதை விடவில்லை. வேகமாகப் போய்விட வேண்டும் என்பதே எண்ணம். காட்டைத் தாண்டினான், பூவெளியைத் தாண்டினான், நகரத்து விளக்குகள் தெரிந்தன. பின்னால் அமைதி. முழு அமைதி. வழிநெடுக அழுதுகொண்டே வந்தான். அத்தான் போய்விட்டார். தானே துரத்திவிட்டதுபோல் இருந்தது, துரத்தியது சரி என்றும் இருந்தது.

புருசெத்துக்கு வந்தபோது வானத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் இருந்தது. அடுக்குமாடிகளுக்குக் கீழே, காட்டுப் பக்கமாக ஏறிப்போகும் சைக்கிள் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு விளக்குக் கம்பம். அதற்கடியில் மஞ்சள் மழைச்சட்டை போட்டுக்கொண்டு துஷ்யா நின்றாள். ஒரு கால் நிலத்தில், ஒரு கால் பெடலில். முகம் கழுவித் தலை வாரி இழுத்திருந்தாள்.

"ஏனம்மா வெளியிலை நிக்கிறாய்?" தூரத்திலிருந்தே கேட்டான். "அம்மா எங்கை?"

"அம்மா நித்திரை. இண்டைக்குத்தான் படுத்தவ, எழுப்பேல்லை." அவள் சிரித்தாள். அத்தான் போனபிறகு வந்த முதல் சிரிப்பு. "அப்பா பாவம், மாமா. ஏன் அவரை வழிநெடுக முன்னுக்கு விடாமல் ஓடி வந்தனீங்கள்?"

அவள் பார்த்தது அவனை இல்லை. அவனுடைய தோளுக்கு மேலால்.

இளங்கோவின் கால்கள் நின்றன. உழக்குவது நின்றது. அவனுடைய பின்சில்லு கிறுகிறுக்கத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் தொடங்கியது.

அப்போதுதான் விளங்கியது. உழக்கினால் சத்தம் வராது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அந்தச் சந்தியிலிருந்து அவன் உழக்குவதை ஒருகணமும் விடவில்லை. அவரும் விடவில்லை.

"துஷ்யா, வீட்டுக்கு ஓடு! மேலை ஓடு!"

சித்தாலேப மணம் இடப்பக்கமாக அவனைக் கடந்தது. குளிர்ந்த காற்று கன்னத்தில் உரசியது. கிறுகிறுப்பு முன்னுக்குப் போனது. அத்தனை வருடத்தில் முதல்தடவையாக அத்தான் அவனை முந்திக்கொண்டு போனார்.

துஷ்யா சைக்கிளைத் திருப்பினாள். வீட்டுப் பக்கம் இல்லை.

"துஷ்யா!"

செங்குத்தான பாதை அது. இளங்கோவுக்கே மூச்சு முட்டும். அவன் இருக்கையை விட்டு எழும்பி நின்று உழக்கினான். சக்தி முழுவதையும் கொடுத்தான். இடைவெளி குறையவில்லை. மேலே இருந்த விளக்கின் கீழ் அவள் போனாள். அவளுடைய கால்கள் பெடலில் அசையாமல் இருந்தன.

"நல்ல லேசாக் கிடக்கு மாமா!" அவள் குரல் சந்தோசத்தில் கீச்சிட்டது. "நான் உழக்கவே இல்லை!"

"அத்தான்! பிள்ளையை விடுங்கோ! நான் வாறன். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அத்தான்!"

நாலாம் மாடியில் அக்காவின் யன்னல் இருட்டாகக் கிடந்தது. அடுத்த விளக்கு வந்தது. அதன் வெளிச்சத்தில் மஞ்சள் மழைச்சட்டையின் முதுகு நன்றாகத் தெரிந்தது. இடுப்புக்குச் சற்று மேலே சட்டை உள்ளுக்குப் பதிந்திருந்தது. அகன்ற ஒரு உள்ளங்கை. ஐந்து விரல். ஏற்றத்தில் களைத்த பிள்ளையைத் தகப்பன் தள்ளிவிடுவது போல, நோகாமல், ஆசையாக, அது அவளை மரங்களுக்குள் தள்ளிக்கொண்டு போனது.